அமெரிக்கத் தெற்கின் சிலைகள்: எது இருக்கலாம், எது போக வேண்டும்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: "அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்கள் தோற்றன. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவர்களுடைய தளபதிகளின் சிலைகளைக் கிரேன் வைத்து இறக்குகிறார்கள், அரசுக் கட்டடங்களில் பறந்த அவர்களுடைய கொடியை எடுக்கிறார்கள். ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் நினைவை அழிக்கும் வேலைதானே இது? இது சரியென்றால், ஈழத்தில் மாவீரர் துயிலும் இல்லங்களை இடித்ததை நாம் எந்த வாயால் கண்டிப்பது?"

கேள்வியின் இரண்டாம் பாதி தட்டிக்கழிக்கக் கூடாத ஒன்று. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் முதல் பாதியில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போக முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்ஃபெடரேட் தரப்பின், அதாவது பிரிந்துபோய்த் தனி அரசு அமைத்த தெற்கு மாநிலங்களின், கல்லறைகளும் போர்க்கள நினைவுக்கற்களும் இருக்கட்டும். நீதிமன்ற வாசலில், சட்டமன்ற முற்றத்தில், ஊரின் நடுநாயகமான இடத்தில் பீடம் கட்டி ஏற்றிய சிலைகள் போக வேண்டும். அரசுக் கட்டடத்தில் அந்தக் கொடிக்கு இடமே கூடாது. ஏனென்றால் அந்தச் சிலைகளில் பெரும்பாலானவை தோற்றவர்கள் தோல்வியின் துக்கத்தில் வைத்தவை இல்லை. அவர்கள் மறுபடி அதிகாரத்தைப் பிடித்த பிறகு, பிடித்துவிட்டோம் என்று ஊருக்கு அறிவிக்க வைத்தவை.

முதலில் போர் எதற்காக நடந்தது என்பது. "மாநில உரிமைக்காகத்தான் பிரிந்தார்கள், அடிமை முறைக்காக இல்லை" என்று நம் ஊரிலும் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். மாநில சுயாட்சி என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள மரியாதை காரணமாக இந்த வாதம் தமிழர்களிடம் எளிதாக எடுபடுகிறது. ஆனால் பிரிந்தவர்கள் தங்கள் காரணத்தை ஒளிக்கவில்லை. மிசிசிப்பி மாநிலம் வெளியிட்ட பிரிவினை அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. கான்ஃபெடரேட் அரசின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமையாய் இருப்பதுதான் அவருக்கு இயல்பான நிலை, இந்த உண்மையே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று பகிரங்கமாகச் சொன்னார். அப்போது அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். மாநில உரிமை என்ற விளக்கம் தோல்விக்குப் பிறகு, அதே தலைவர்கள் தங்கள் நினைவுக்குறிப்புகளை எழுத உட்கார்ந்தபோதுதான் முன்னுக்கு வந்தது.

1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் இரு தரப்பிலும் சேர்த்து 6,20,000 பேர் இறந்ததாக நெடுங்காலம் கணக்குச் சொல்லி வந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை 7,50,000 வரை கொண்டுபோகின்றன. தெற்கில் துக்கம் நுழையாத வீடு அபூர்வம். அந்தத் துக்கம் உண்மையானது. போர் முடிந்த முதல் இருபது ஆண்டுகளில் அங்கே எழுந்த நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் எங்கே இருந்தன என்று பாருங்கள்: இடுகாடுகளில். கான்ஃபெடரேட் தலைநகராக இருந்த ரிச்மண்டின் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் 1869-இல் கருங்கற்களை அடுக்கி 90 அடி உயரத்தில் ஒரு பிரமிடு எழுப்பினார்கள். அங்கே புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கான்ஃபெடரேட் சிப்பாய்களுக்கான நினைவு அது. இன்றும் அப்படியே நிற்கிறது. அதை இடிக்கச் சொல்லி யாரும் பெரிய போராட்டம் நடத்தவில்லை. நடத்தினால் நான் எதிர்ப்பேன்.

அதே 1869-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் படைகள் நின்ற இடங்களைக் கல் நட்டுக் குறிக்கும் முயற்சிக்குக் கான்ஃபெடரேட் தளபதி ராபர்ட் ஈ. லீயை அழைத்தார்கள். அவர் வர மறுத்துப் பதில் எழுதினார். போரின் புண்களை ஆறவிடாமல் திறந்து வைத்திருப்பதைவிட, உள்நாட்டுச் சண்டையின் அடையாளங்களை அழிக்க முயன்ற நாடுகளைப் பின்பற்றுவதே புத்திசாலித்தனம் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். இதை வைத்து லீயை நல்லவராக்க நான் முயலவில்லை. தன் பெயரில் எழுந்த சிலைகளைப் பற்றி அவரே என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்க இந்தக் கடிதம் போதும்.

இடையில் நடந்ததுதான் விஷயத்தின் மையம். 1865-க்குப் பிறகு சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் மறுகட்டமைப்புக் காலம். விடுதலை பெற்ற கறுப்பர்கள் வாக்களித்தார்கள், பதவிக்கு வந்தார்கள். 1870-இல் மிசிசிப்பியிலிருந்தே ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பர் செனட்டுக்குப் போனார். 1877-இல் மத்தியப் படைகள் பின்வாங்கின. அதன் பிறகு துப்பாக்கியும் சட்டமும் சேர்ந்து அந்த உரிமைகளைப் பறித்தன. லூயிசியானா மாநிலத்தின் ஒரு கணக்கைப் பாருங்கள். 1896-இல் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் சுமார் 1,30,000 பேர். 1904-இல் 1,342 பேர். எட்டே ஆண்டுகள். யாரும் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை, பட்டியலிலிருந்து பெயர்கள்தான் போயின. பொது இடங்களில் பிரித்து வைக்கும் ஜிம் க்ரோ சட்டங்கள் வந்ததும், மரத்தில் தொங்கவிட்டுக் கொல்வது ஊர்த் திருவிழாபோலக் கூட்டம் கூட்டி நடந்ததும் இதே காலம்.

சிலைகளின் முதல் பேரலை எழும்புவது சரியாக இந்தக் காலத்தில்தான். 1890-களில் தொடங்கி 1920-கள் வரை. இரண்டாவது சின்ன அலை 1950-களிலும் 60-களிலும், கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டம் சூடுபிடித்தபோது. போரில் இறந்தவருக்குத் துக்கம் காப்பதுதான் நோக்கமென்றால் அலைகள் இந்த நேரத்தில் வந்திருக்காது.

இந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு செய்தது 1894-இல் நாஷ்வில் நகரில் உருவான கான்ஃபெடரசியின் ஒன்றுபட்ட மகளிர் சங்கம். சிலைக்கு நிதி திரட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. பள்ளிப் பாடப்புத்தகங்களையும் கையில் எடுத்தார்கள். 1920-ஐ ஒட்டி அவர்களுடைய வரலாற்றுப் பொறுப்பாளராக இருந்தவர் வெளியிட்ட வழிகாட்டி, அடிமை முறைக்காகத்தான் தெற்கு போரிட்டது என்றோ, எஜமானர்கள் கொடுமைக்காரர்கள் என்றோ எழுதும் புத்தகத்தை நிராகரிக்கச் சொன்னது. அப்படிப்பட்ட புத்தகம் ஏற்கெனவே நூலகத்தில் இருந்தால் அதன் முகப்பில் "தெற்குக்கு அநீதியானது" என்று எழுதி வைக்க வேண்டுமாம். தெற்கின் பல தலைமுறைப் பிள்ளைகள், வெள்ளையரும் கறுப்பரும், இந்த வடிகட்டியில் தப்பிய வரலாற்றைத்தான் படித்தார்கள். "சிலையை எடுத்தால் வரலாறு அழியும்" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சுட்டுவது இதைத்தான். அந்தச் சிலைகளை நட்டவர்களே வரலாற்றை அழிக்கும் வேலையைப் பக்கத்தில் செய்துகொண்டிருந்தார்கள்.

நட்டவர்களின் மனதில் என்ன இருந்தது என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை, திறப்பு விழாப் பேச்சுகள் இருக்கின்றன. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 1913-இல் ஒரு சிப்பாய் சிலை திறந்தார்கள். மாணவர்கள் பின்னால் அதற்கு 'சைலண்ட் சாம்' என்று பெயர் வைத்தார்கள். துப்பாக்கி ஏந்தியும் இடுப்பில் தோட்டாப் பை இல்லாததால் அவர் சுட முடியாதவர், அதனால் மௌனமானவர். பார்க்க ஒரு கிராமத்துப் பையன்போல இருப்பார், யாருக்கும் கெடுதல் நினைக்காத முகம். திறப்பு விழாவில் பேசியவர் ஜூலியன் கார் என்ற தொழிலதிபர், முன்னாள் கான்ஃபெடரேட் சிப்பாய். தெற்கில் ஆங்கிலோ சாக்சன் இனத்தைக் காப்பாற்றியதற்காகச் சிப்பாய்களைப் புகழ்ந்தார். பிறகு, சொந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன் என்று ஒரு சம்பவத்தை விவரித்தார். போர் முடிந்து வந்து தொண்ணூறு நாட்கள்கூட ஆகாத நிலையில், நாம் நிற்கும் இடத்திலிருந்து நூறு கஜ தூரத்தில், ஒரு வெள்ளைப் பெண்மணியை அவமதித்துப் பேசியதற்காக ஒரு கறுப்பினப் பெண்ணை அவள் பாவாடை கந்தலாகும்வரை குதிரைச் சவுக்கால் அடித்தேன் என்றார். அவள் பாதுகாப்புத் தேடி ஓடியது மத்தியப் படைவீரர்கள் தங்கியிருந்த பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு. அவர்கள் அத்தனை பேர் கண்ணெதிரிலேயே அந்த "இனிய கடமையை" முடித்தேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கார் சொல்லவில்லை. அவருக்குச் சிலை இல்லை. பேச்சின் கையெழுத்துப் பிரதி பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் நெடுங்காலம் கிடந்தது, இந்த நூற்றாண்டில்தான் ஒரு ஆய்வு மாணவர் கண்ணில் பட்டது. அது வெளியே வந்தபிறகு அந்த மௌனச் சிப்பாயைப் பழையபடி பார்க்க முடிந்தவர்கள் குறைவு. 2018 ஆகஸ்டில் போராட்டக்காரர்கள் அதைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள்.

இன்னொரு சான்று இதைவிடக் கூர்மையானது. ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட் என்று ஒரு கான்ஃபெடரேட் தளபதி. லீயின் வலதுகரம்போல இருந்தவர், கடைசிவரை போரிட்டவர். போர் முடிந்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டு, லிங்கனின் குடியரசுக் கட்சியில் சேர்ந்து, கறுப்பர்களுக்கு வாக்குரிமை தருவதை ஆதரித்தார். 1874 செப்டம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் 'வெள்ளையர் லீக்' என்ற ஆயுதக் கும்பல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசைக் கவிழ்க்க வந்தபோது, கறுப்பர்கள் இருந்த காவல்படைக்கும் மாநிலப் படைக்கும் தலைமை தாங்கி அந்தக் கும்பலை எதிர்த்து நின்றவர் அவர்தான். நியூ ஆர்லியன்ஸ் நகரம் 1891-இல் அந்த மோதலுக்கு ஒரு தூண் எழுப்பியது. லாங்ஸ்ட்ரீட்டுக்கா? இல்லை, அவரைத் தாக்கிய வெள்ளையர் லீக்குக்கு. 1932-இல் அந்தத் தூணில் வெள்ளையின மேலாதிக்கம் அங்கீகரிக்கப்பட்டது என்று வெளிப்படையாகக் கல்வெட்டும் பொறித்தார்கள். லாங்ஸ்ட்ரீட் எந்தக் களத்தில் தன் சிப்பாய்களை இழந்தாரோ அந்த கெட்டிஸ்பர்க்கில்கூட அவருக்கு 1998-இல்தான் சிலை வந்தது. போரில் காட்டிய வீரத்துக்காக மட்டும் சிலை வைத்திருந்தால் இவருக்குத் தெற்கெங்கும் சிலை இருந்திருக்க வேண்டும். போருக்குப் பின் கறுப்பர் பக்கம் நின்றார் என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய மொத்தப் போர்க்கணக்கையும் அடித்துவிட்டார்கள்.

ரிச்மண்டின் லீ சிலைக்கு வருவோம். 1890 மே 29 அன்று திறந்தது. பீடத்தோடு சேர்த்து 61 அடி உயரம். செய்தவர் பிரெஞ்சு சிற்பி அந்தோனின் மெர்சியே. கலைப்படைப்பு என்ற அளவில் நல்ல சிலை என்பதை மறுக்க மாட்டேன். பெட்டிகளில் வந்து இறங்கிய சிலைப் பாகங்களை ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து ஊருக்கு வெளியே இருந்த திடலுக்கு இழுத்துப் போனார்கள். வடத்தின் துண்டுகளை நினைவுப்பொருளாக எடுத்துப் போனவர்களும் உண்டு. அந்த நிலம் தானமாக வந்தது. சிலை வந்தால் சுற்றியிருக்கும் மனைகளின் விலை ஏறும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. ஏறவும் செய்தது. அங்கே எழுந்த அழகான வெள்ளையர் குடியிருப்புதான் மான்யுமெண்ட் அவென்யூ.

அப்போதே எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "அந்தக் காலத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதுதானே" என்கிறார்கள். எல்லோரும் என்றால் யார்? ஜான் மிட்செல் 1863-இல் அடிமையாகப் பிறந்தவர், ரிச்மண்டில் கறுப்பர்கள் நடத்திய 'ரிச்மண்ட் பிளானட்' இதழின் ஆசிரியர், நகர மன்ற உறுப்பினரும்கூட. சிலைக்கு நகரப் பணம் ஒதுக்குவதை எதிர்த்தார். திறப்பு விழா சமயத்தில், இந்தச் சிலையை ஏற்றியது கறுப்பினத் தொழிலாளியின் கை, காலம் வந்தால் இதை இறக்கவும் அவர் இருப்பார் என்ற பொருள்பட எழுதினார். 2021 செப்டம்பர் 8 அன்று சிலை இறங்கியபோது அந்த வேலையைச் செய்தது ஒரு கறுப்பினத்தவர் நடத்தும் ஒப்பந்த நிறுவனம்தான். மிரட்டல்கள் வந்ததால் அவர் குண்டு துளைக்காத உடை அணிந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது.

கொடியின் கதையும் இதே வரிசையில்தான். இன்று எல்லோரும் பார்க்கும் அந்தச் சிவப்பு நிறக் கொடி, நீலப் பெருக்கல் குறியில் வெள்ளை நட்சத்திரங்கள் உள்ளது, தனியாக ஒருபோதும் கான்ஃபெடரேட் நாட்டின் அதிகாரபூர்வ தேசியக்கொடியாக இருந்ததில்லை. அது போர்க்களக் கொடி. 1948-இல் சிவில் உரிமைகளை எதிர்த்துத் தனியாகப் பிரிந்த தெற்கு ஜனநாயகக் கட்சியினர் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, 1956-இல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் அதைச் சேர்த்தது. தென் கரோலினா 1961-இல் சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றியது.

2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரின் தேவாலயத்தில் வேதபாட வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது கறுப்பர்களை ஒரு வெள்ளையினவெறி இளைஞன் சுட்டுக் கொன்றான். அந்தக் கொடியைப் பிடித்தபடி அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. இறந்தவர்களில் ஒருவர் அந்தத் தேவாலயப் போதகர், மாநில செனட்டரும்கூட: கிளெமென்டா பிங்க்னி. மாநிலக் கொடியும் தேசியக் கொடியும் அரைக்கம்பத்தில் இறங்கின. சட்டமன்ற முற்றத்தில் இருந்த கான்ஃபெடரேட் கொடி மட்டும் இறங்கவில்லை, ஏனென்றால் 2000-இல் அதைக் கட்டடத்தின் உச்சியிலிருந்து முற்றத்துக்கு மாற்றியபோது, இனி அதைத் தொட சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று போட்ட சட்டம் இருந்தது. குதிரை வண்டியில் வந்த பிங்க்னியின் சவப்பெட்டி முழுக்கம்பத்தில் பறந்த அந்தக் கொடியைக் கடந்துதான் உள்ளே போனது. இந்தக் காட்சிக்குப் பிறகும் "அது வெறும் பாரம்பரியம்" என்று என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. 2015 ஜூலை 10 அன்று கொடி இறக்கப்பட்டது. மிசிசிப்பி 1894 முதல் தன் மாநிலக் கொடியின் மூலையில் வைத்திருந்த அதே சின்னத்தை 2020-இல் கைவிட்டது.

சரி, எதிர்வாதங்கள். "சாதாரண சிப்பாய் ஏழை, அவனிடம் அடிமை யாரும் இல்லை, அவனை ஏன் அவமதிக்கிறீர்கள்?" இது எனக்கு மதிப்புள்ள வாதம். 1862-இல் கான்ஃபெடரேட் அரசு கட்டாய ஆள்சேர்ப்பு கொண்டுவந்தது. அதே ஆண்டில், இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையர் படைக்குப் போகாமல் இருக்கலாம் என்று விலக்கும் கொடுத்தது. பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்று அப்போதே அங்கே முணுமுணுத்தார்கள். அந்த ஏழையின் எலும்புகள் கிடக்கும் இடத்தில் பெயர் எழுதிய கல் இருக்கட்டும். அவனுடைய கொள்ளுப்பேரன் அங்கே போய்ப் பூ வைக்கட்டும். அதற்கும் நீதிமன்ற வாசலில் 30 அடித் தூண் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்? அந்தப் படிகளில் ஏறி நீதி கேட்கப் போகும் கறுப்பினப் பெண்மணியிடம், இந்தக் கட்டடம் யாருடையது என்று தூண் அவருக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

"லீயில் தொடங்கினால் ஜார்ஜ் வாஷிங்டனில் போய் நிற்கும், அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தானே" என்பது அடுத்தது. ஒருவருக்கு எதற்காகச் சிலை வைத்தோம் என்று கேட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். வாஷிங்டனுக்குச் சிலை நாட்டை நிறுவியதற்காக, அவருடைய அடிமைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். லீக்குச் சிலை வைத்ததே அடிமை முறையைக் காக்க எழுந்த அரசின் படையை நடத்தியதற்காக. அதை எடுத்துவிட்டால் சிலை வைக்க அவரிடம் வேறு காரணம் பெரிதாக இல்லை.

"விளக்கப் பலகை வைத்தால் போதாதா?" சில இடங்களில் போதும். குதிரைமேல் ஒருவர் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க, காலடியில் முழங்கால் உயரத்தில் ஒரு பலகை "இவர் செய்தது தவறு" என்று சொன்னால் கண் எங்கே போகும்? பலகையைப் படிக்கக் குனிகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கும்பலாகச் சேர்ந்து சிலையைத் தள்ளுவது சரியா என்றும் கேட்பார்கள். ஊர் கூடிப் பேசி, மன்றத்தில் வாக்கெடுத்து இறக்குவதுதான் எனக்கு ஏற்புடையது. ஆனால் அந்தக் கதவைப் பூட்டியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அலபாமா 2017-இல் போட்ட சட்டப்படி பழைய நினைவுச்சின்னத்தை உள்ளூராட்சி தொட்டால் 25,000 டாலர் அபராதம். பர்மிங்காம் நகரில் வாக்காளர்களில் பெரும்பான்மை கறுப்பர்கள், ஆனாலும் தங்கள் பூங்காவில் எது நிற்கலாம் என்று தீர்மானிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. 2020-இல் அந்த நகரம், அபராதம் வந்தாலும் வரட்டும் என்று பூங்காவில் இருந்த நினைவுத்தூணை எடுத்துவிட்டது. டென்னஸியின் மெம்ஃபிஸ் நகரம் 2017 டிசம்பரில் வேறு வழி கண்டுபிடித்தது: இரண்டு பூங்காக்களை ஒவ்வொன்றும் ஆயிரம் டாலர் விலையில் ஒரு லாபநோக்கற்ற அமைப்புக்கு விற்றது. தனியார் நிலமாகிவிட்டதால் சட்டம் பாயவில்லை, அன்று இரவே சிலைகள் இறங்கின. வட கரோலினாவிலும் 2015 முதல் அப்படியொரு தடைச்சட்டம் உண்டு. சைலண்ட் சாமைக் கயிறு கட்டி இழுத்த மாணவர்கள் பல ஆண்டுகள் மனுக்கொடுத்துப் பார்த்தவர்கள்.

மெம்ஃபிஸில் இறங்கிய சிலைகளில் ஒன்று நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்டுடையது. போருக்கு முன் அடிமை வியாபாரி, போருக்குப் பின் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையினவெறிக் கும்பலின் முதல் தலைவர். அவரும் அவர் மனைவியும் முதலில் சாதாரணக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தார்கள். சிலை வைத்தபோது அவர்களைத் தோண்டி எடுத்துப் பூங்காவில், சிலைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார்கள். 2021-இல் மறுபடி எடுத்து, மரியாதையோடு வேறு இடத்தில் புதைத்தார்கள். ஃபாரஸ்டைப் போன்ற ஒருவருடைய எலும்பைக்கூட யாரும் தூக்கி எறியவில்லை. இதை நான் முக்கியமாகச் சொல்லக் காரணம், ஈழம் பற்றிய கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்த துயிலும் இல்லம் இடுகாடு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் விளக்கேற்றிய இடம். போருக்குப் பிறகு அதைத் தரைமட்டமாக்கி, அதன்மேல் இராணுவத்தின் 51-ஆவது படைப்பிரிவுத் தலைமையகத்தைக் கட்டி 2011-இல் திறந்தார்கள். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடிக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி, போரில் செத்த பொதுமக்களுக்கானது. எதிர்ப்புக்குப் பிறகு அது மீண்டும் கட்டப்பட்டது. இந்த இரண்டிலும் அழிக்கப்பட்டது துக்கம். அழித்தது, அந்த மண்ணில் ஆயுதத்தோடு நிற்கும் அரசு. அதே காலத்தில் ஆனையிறவிலும் புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் வெற்றிச் சின்னங்கள் எழுந்தன, தோற்ற மக்கள் தினமும் கடந்துபோகும் பாதையில். அமெரிக்கச் சிலைகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் இந்த வெற்றிச் சின்னங்களைத்தான் ஒப்பிட வேண்டும், துயிலும் இல்லங்களை இல்லை. ரிச்மண்டின் லீ சிலையும் கிளிநொச்சியின் வெற்றிச் சின்னமும் செய்வது ஒரே வேலை: இந்த ஊரில் யார் மேலே, யார் கீழே என்று தினமும் நினைவூட்டுவது.

இதே அளவுகோலை நம் மீதும் வைக்க வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம்தான். நாளை தமிழர் கையில் முழு அதிகாரம் வந்து, யாழ் நகரின் நடுவில் புலித் தளபதி ஒருவருக்கு ஆளுயரச் சிலை எழுந்தால், திரும்பி வந்து கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரிக்கு அது என்ன சொல்லும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கல்லறைக்காக நான் கடைசிவரை வாதாடுவேன். அந்தச் சிலைக்காக வாதாட மாட்டேன்.

இறக்கிய சிலைகளை என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஊர் வழி வேறு. ரிச்மண்டில் கான்ஃபெடரேட் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் சிலையை 2020 ஜூனில் போராட்டக்காரர்கள் வீழ்த்தினார்கள். அதே ஊரின் வாலன்டைன் அருங்காட்சியகம் அதைக் கழுவாமல், பூசிய பெயின்டோடு, விழுந்த கோலத்திலேயே மல்லாத்திக் காட்சிக்கு வைத்தது. அந்தச் சிலையைச் செய்த சிற்பி எட்வர்ட் வாலன்டைனின் குடும்பம் உருவாக்கிய அருங்காட்சியகமே அது என்பது கவனிக்க வேண்டியது. சார்லட்ஸ்வில் நகரில் லீ சிலையை எடுக்கக் கூடாதென்று 2017 ஆகஸ்டில் வெள்ளையினவெறியர்கள் தீப்பந்தத்தோடு ஊர்வலம் போனார்கள். மறுநாள் எதிர்ப்பாளர்கள் மீது ஒருவன் காரை ஏற்றியதில் ஹெதர் ஹேயர் என்ற பெண் இறந்தார். அந்தச் சிலையை 2023-இல் உலையில் உருக்கிவிட்டார்கள், அந்த வெண்கலத்தில் புதிய கலைப்படைப்பு செய்யும் திட்டத்தோடு. பொதுவாக நான் அருங்காட்சியகம் பக்கம்தான். ஆனால் உயிர் ஒன்று போன ஊர் அது, முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

இது முடிந்துபோன விவகாரம் என்று நினைக்க வேண்டாம். கான்ஃபெடரேட் தளபதிகளின் பெயரில் இருந்த ஒன்பது இராணுவத் தளங்களுக்கு 2023-இல் பெயர் மாற்றினார்கள். 2025-இல் ஃபோர்ட் பிராக் என்ற பெயர் திரும்ப வந்துவிட்டது, அதே 'பிராக்' என்ற குடும்பப்பெயருள்ள வேறொரு உலகப்போர் வீரரைக் காரணம் காட்டி. தளபதியின் பெயரிலேயே வைக்கிறோம் என்று சொல்ல அவர்களுக்கும் இப்போது தயக்கம் இருக்கிறது. அந்த அளவுக்காவது விவாதம் வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கே தெளிவான விடை கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது: அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன். பாறையில் டேவிஸ், லீ, இன்னொரு கான்ஃபெடரேட் தளபதியான ஸ்டோன்வால் ஜாக்சன் மூவரையும் குதிரைமேல் செதுக்கியிருக்கிறார்கள், 190 அடி அகலம், 90 அடி உயரம். 1915-இல் கூ கிளக்ஸ் கிளான் மறுபிறவி எடுத்தது இந்த மலை உச்சியில். பாதியில் நின்ற சிற்ப வேலைக்காக 1958-இல் மாநில அரசு மலையையே வாங்கி, 1972-இல் முடித்தது. மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் வாஷிங்டனில் பேசியபோது, சுதந்திரம் ஒலிக்கட்டும் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மலைகளில் இதுவும் ஒன்று. இதைக் கிரேன் வைத்துத் தூக்க முடியாது, வெடி வைத்துத் தகர்ப்பதை நான் விரும்பவில்லை, மாநிலச் சட்டமும் தொட விடாது. பூங்கா நிர்வாகம் 2021-இல் தன் இலச்சினையிலிருந்து அந்தச் சிற்பத்தை எடுத்துவிட்டு, கிளானையும் இனப்பிரிவினையையும் மறைக்காமல் சொல்லும் காட்சிக்கூடம் ஒன்றை அமைக்கத் தீர்மானித்தது. சிற்பத்தைச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடுங்கள், பாசியும் செடியும் தானாக மூடிக்கொள்ளட்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இப்போதைக்கு எனக்கு அந்தக் காட்சிக்கூடம்தான் சரியாகப் படுகிறது, அதுவும் மலையைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடத்தில் இருந்தால்.